இன்னும் ஒரு ரவுண்டு... யாருக்காக?



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "இன்றைய இளைஞரும் நாளைய பாரதமும்னு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அது வருஷா வருஷம் வருதுலே, நமக்குப் பிரயோஜனமா வேற எதாவது எழுது" என்றார்கள். நமக்குப் பிரயோஜனமான விஷயம் என்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நாம் தினமும் போகிற, ஆனால் ஒருநாளும் உட்கார்ந்து பேசாத காலை மைதானம்!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மேலகரம் பக்கம், இலஞ்சி பக்கம் என்று பத்துப் பேர், இருபது பேராகச் சேர்ந்து ஓடுகிறார்கள். சிலர் காலில் ஷூ, சிலர் வெறுங்கால். சாரல் விழுந்தாலும் ஓட்டம் நிற்பதில்லை. குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் "ஏதோ பந்தயம் போல" என்று வேடிக்கை பார்க்கிறார்கள். பந்தயம்தான். ஆனால் பரிசுக் கோப்பைக்கு இல்லை, வேலைக்கு!

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதில் தேறிய ஆண்களுக்குக் கயிறு ஏறுதல்: 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் ரெண்டு ஸ்டார். 400 மீட்டர் ஓட்டத்தில் 80 விநாடிக்கு ஒரு ஸ்டார், 70 விநாடிக்கு ரெண்டு. 2022-இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு ராணுவத்துக்கு ஓடுகிறவர்கள் கூட்டமும் மைதானத்தில் உண்டு. அங்கே 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிற நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சில விநாடிகளில் என்ன இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கூட்டமாகச் சேர்ந்து கடும் பயிற்சி செய்கிறோம். அதில் நம் உடம்பை இன்னும் கொஞ்சம் முடுக்குவது எப்படி? "மனசு வச்சா முடியும்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. முடுக்கத் தெரிவதும் ஒரு தொழில்தான். லேத்தில் கை பழகுவது போல அதையும் படிப்படியாகத்தான் பழக வேண்டும். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறவனுக்கு அது வராது. கூட்டத்துக்குப் பயந்து ஓடுகிறவனுக்கும் வராது. இதுதான் என் கட்சி.

ஊர் கூடித் தேர் இழுத்தால்...

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வடம் பிடிக்கப் போனவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்திருப்பார்கள். அதில் இழுக்கிறவர்கள் எத்தனை பேர், வடத்தில் சும்மா கை வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது நெல்லையப்பருக்குத்தான் வெளிச்சம்!

இதையே ஒரு இன்ஜினியர் அளந்து பார்த்திருக்கிறார். பெயர் ரிங்கல்மான். பிரான்சு நாட்டில் விவசாயப் பொறியியல் பேராசிரியர். கயிற்றை இழுக்கச் சொல்லி எத்தனை கிலோ விசை வருகிறது என்று கருவி வைத்து அளந்தார். 1913-இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது எட்டு மடங்கு விசை வரவில்லை. தனியாக இழுத்தபோது ஒவ்வொருவரும் காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காததும் ஒரு காரணம். ஆனால் பிற்காலத்தில் அமெரிக்காவில் செய்த சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. கூட்டத்தில் இருக்கிறோம், நம் பங்கை யாரும் தனியாகக் கணக்குப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தாலே மனிதன் கொஞ்சம் தளர்த்திவிடுகிறான். 'கூட்டத்தோடு கோவிந்தா' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது இதைத்தான்.

நம் மைதானத்தில் இது எப்படி நடக்கிறது? "எல்லாரும் அம்பது தண்டால்!" என்று விசில் அடித்தால் முன்வரிசை நெஞ்சைத் தரையில் தொட்டு எடுக்கிறது. பின்வரிசை முழங்கையை ஒரு சாண் மடக்கி, "நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்பது..." என்று சத்தத்தை மட்டும் பலமாகப் போடுகிறது. பஸ்கி எடுக்கும்போதும் இதே கதைதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை. கூட்டத்தின் குணமே அது.

இதற்கு மருந்தையும் அதே ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் இருந்தாலும் ஒவ்வொருவருடைய அளவும் தனித்தனியாகத் தெரியும் என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஸ்டாப் வாட்ச். அவனவன் நேரத்தை அவனவன் பெயருக்கு நேராக எழுதுங்கள். பக்கத்துப் பெயரோடு ஒப்பிட அல்ல, போன வாரத்துத் தன் நேரத்தோடு ஒப்பிட.

கூட்டம் தரும் பலம்

கூட்டத்தைக் குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. தனியாக ஓடுகிறவனை விடத் துணையோடு ஓடுகிறவன் வேகமாக ஓடுகிறான் என்பதும் உண்மை. 1898-லேயே டிரிப்லெட் என்கிற அமெரிக்கர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் பார்த்து, தனியாக மிதித்தவர்களை விடப் போட்டியாளர் கூட இருந்தவர்கள் வேகமாகப் போனதை எழுதியிருக்கிறார். 1920-களில் ஜெர்மனியில் கோலர் என்பவர் பெர்லின் படகுக் கழகத்துக்காரர்களைக் கொண்டு எடை தூக்க வைத்துப் பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கும்போது, பலம் குறைந்தவன் தனியாகத் தூக்கியதை விட அதிக நேரம் தாக்குப் பிடித்தான். தான் விட்டால் கூட்டாளிக்கும் ஆட்டம் முடிந்தது என்கிற எண்ணமே காரணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு பேருக்கும் பலத்தில் வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் பலன் குறைந்தது. 1500 மீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓடுகிறவனை ஐந்தரை நிமிடக்காரனோடு ஜோடி சேர்த்தால் அரைச் சுற்றிலேயே அவன் முதுகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மனசு விட்டுப்போகும். ஏழு நிமிடம் பத்து விநாடிக்காரனோடு விடுங்கள். "இந்தா எட்டிப் பிடிச்சிருவேன்" என்று கடைசிவரை போராடுவான். ஜோடி போடுவதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

நம் தென்மாவட்டத்து இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். பொங்கல் நாளில் பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். எடை குறைந்த கல், அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று வரிசை உண்டு. ஊரே சுற்றி நின்று கைதட்டும். ஆனால் எந்தக் கல்லில் கை வைப்பது என்பதைத் தூக்குகிறவன்தான் முடிவு செய்கிறான். நம் பாட்டன்மாருக்கு இருந்த அந்த அறிவு நம் காலை மைதானத்துக்கும் வேண்டும்.

அடி உதவுவது போல...?

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை.

பல மைதானங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசியாக வருகிறவனுக்குத் தண்டனை. இருபது தண்டால் கூடுதல், இல்லாவிட்டால் இன்னொரு சுற்று. அதோடு போகாது. "ஏலே, ஒங்க ஆச்சி ஒன்ன விட வேகமா ஓடுவாலே" என்று எல்லார் முன்னாலும் ஒரு நையாண்டி. கேட்டால், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். ராணுவத்துல இப்படித்தான் தம்பி" என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த சிவில் பிரிவு நண்பன் ஒருவன். கொத்துவேலை செய்கிற குடும்பம். சின்ன வயதிலிருந்தே சிமெண்டு மூட்டை தூக்கிய கை. கயிற்றில் ஆறு மீட்டர் ஏறி இறங்கினால் மூச்சு கூட வாங்காது, ரெண்டு ஸ்டார் சட்டைப் பையில் இருக்கிற மாதிரி. ஆனால் ஓட்டத்தில் கடைசி. ஏழு நாள் தொடர்ந்து கடைசியாக வந்தான், ஏழு நாளும் தண்டனை வாங்கினான். எட்டாம் நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஓடுதது கஷ்டமில்லடா. சிரிக்காங்கல்ல, அதான் முடியல" என்றான். இப்போது வேலைக்குப் போய்விட்டான். நல்லது, பிழைப்புதானே. ஆனால் தேர்வு நாளில் வாரியம் அவனை நிராகரித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தேர்வுக்கு முன்னாலேயே நாமல்லவா நிராகரித்துவிட்டோம்!

தண்டனை முறையில் ஒரு தொழில்நுட்பக் குறையும் உண்டு. ஏற்கெனவே அதிகம் களைத்தவனுக்கே கூடுதல் சுமை ஏற்றுகிறோம். லோடு தாங்காமல் சூடேறி நிற்கிற மோட்டாருக்கு இன்னும் லோடு கொடுப்பானா எலெக்ட்ரிக்கல்காரன்? ராணுவத்தில் பயிற்சி கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சாப்பாடு, தூக்கம், மருத்துவர் எல்லாம் அதன் கூடவே வருகிறது. நாம் கடுமையை மட்டும் கடன் வாங்கி வந்து, மற்றதை அங்கேயே விட்டுவிட்டோம்.

நமக்குள் ஒரு கவர்னர்

தியரி ஆஃப் மெஷின்ஸ் பாடத்தில் வாட் கவர்னர், போர்ட்டர் கவர்னர் எல்லாம் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறோம். இன்ஜின் வேகம் கூடினால் குண்டுகள் விரியும், ஸ்லீவ் மேலே ஏறும், எரிபொருள் குறையும். நம் மூளைக்குள்ளும் அப்படி ஒரு கவர்னர் இருக்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் என்கிற விஞ்ஞானி ஒரு கொள்கை சொன்னார். உடம்பு உண்மையிலேயே தீர்ந்துபோகும் முன்பே மூளை "போதும், நிறுத்து" என்று களைப்பைக் காட்டி வேகத்தைக் குறைக்கிறதாம். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நாம் கண்ணால் பார்க்கிற ஒன்றுக்கு இது பொருந்துகிறது. மூன்றாம் சுற்றில் "செத்தேன்டா" என்று சொன்னவன், கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் கடைசி நூறு மீட்டரைப் பறக்கிறானே! அந்தத் தெம்பு அதுவரை எங்கே இருந்தது?

ஆக, "முடியல" என்கிற முதல் குரல் எப்போதும் கடைசி உண்மை அல்ல. அது ஒரு எச்சரிக்கை. பழகப் பழக அந்தக் கவர்னரின் செட்டிங் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஒரே நாளில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்ற முடியாது. இதையும் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பேரருவியில் முதல்முறை தலையைக் கொடுக்கிறவன் மூச்சு முட்டி வெளியே ஓடி வருவான். நாலு தடவை போனபின் அதே தண்ணீரில் சுகமாக நிற்பான். தண்ணீர் மாறவில்லை, ஆள் பழகிவிட்டான்.

முடுக்குவது எப்படி?

இனி கணக்குக்கு வருவோம். 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்பது 420 விநாடி. ஒரு சுற்றுக்கு 112 விநாடி. கூட்டத்தில் ஓடும்போது என்ன செய்கிறோம்? விசில் ஊதியதும் முன்னே இருப்பவன் வேகத்தில் பாய்ந்து முதல் சுற்றை 85 விநாடியில் முடிக்கிறோம். இரண்டாவது 112. மூன்றாவது நாக்குத் தள்ளி 135. மிச்சமுள்ள 300 மீட்டருக்கு 105. கூட்டிப் பாருங்கள்: 437 விநாடி. 17 விநாடியில் வேலை போச்சு! அதே ஆள் சுற்றுக்கு 110 விநாடி வீதம் ஒரே சீராக ஓடியிருந்தால் 412 விநாடி சொச்சம். 7 விநாடி மிச்சத்தோடு பாஸ். முடுக்க வேண்டியது கடைசியில். முதல் சுற்றில் வேண்டியது அடக்கம்.

இதற்குப் பயிற்சி, துண்டு துண்டாக ஓடுவது. 400 மீட்டரை 105 விநாடியில் ஓடுங்கள். இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி நாலு தடவை. முதல் வாரம் நாலு, அடுத்த வாரம் ஐந்து, மூன்றாம் வாரம் ஆறு. நாலாம் வாரம் மறுபடி நாலுக்கு இறங்கி உடம்புக்கு ஓய்வு. அதன்பிறகு 105-ஐ 102 ஆக்குங்கள். எண்ணிக்கை, வேகம், ஓய்வு நேரம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். லேபில் பரிசோதனை செய்யும்போது ஒரு அளவை மாற்றி மற்றதை நிலையாக வைக்கிறோமே, அதே முறைதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய செக் வீரர் ஜாடோபெக், 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியே அந்த நிலைக்கு வந்தவர்.

குறுகிய நேரக் கடும் பயிற்சிக்கு இன்னொரு உதாரணம், ஜப்பானின் தபாட்டா என்கிற பேராசிரியர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. 20 விநாடி முழு மூச்சாக சைக்கிள் மிதிப்பது, 10 விநாடி ஓய்வு. ஏழெட்டு தடவை, மொத்தம் நாலு நிமிடம். ஆறு வாரத்தில் மூச்சுத் திறனும் கூடியது, மூச்சு போதாத நிலையில் வேலை செய்யும் திறனும் 28 சதவீதம் உயர்ந்தது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சியில் தேறிய மாணவர்கள். நேற்று வரை ஹாஸ்டல் கட்டிலில் கிடந்தவன் அதை நாளைக்கே செய்யப் போக வேண்டாம். நமக்கு அந்நியமும் இல்லை இது. கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி. பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினால் நெஞ்சு படபடக்கும். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம், மறுபடி ரெய்டு. நம் ஊர்க் கபடிப் பையன்களுக்கு எங்கிருந்து அந்தத் தம் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

எவ்வளவு முடுக்குகிறோம் என்று எப்படித் தெரியும்? கையில் கருவி வேண்டாம். பேச்சு போதும். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது இலேசான ஓட்டம். நாலு வார்த்தையில் மூச்சு அறுந்தால் நடுத்தரம். "ம்" என்பதற்கு மேல் வராவிட்டால் அது கடும் வேகம். கொஞ்சம் துல்லியமாக வேண்டுமா? நின்றவுடன் கழுத்து நாடியில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 19 வயதுக்காரனுக்கு 201. கடும் ரவுண்டில் 170 முதல் 180 வரை வந்தால் நன்றாகவே முடுக்குகிறான் என்று பொருள். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே இருக்கும்.

இப்படிக் கடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாள் இடைவெளி விட்டு. மற்ற நாளில் பேசிக்கொண்டே ஓடுங்கள். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை மாட்டி இழுத்திருக்கிறோம். ஈல்டு பாயிண்ட் தாண்டினால் கம்பி பழைய நிலைக்குத் திரும்பாது. தசை கம்பியை விட மேல். கொஞ்சம் சேதப்பட்டாலும் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு முன்பை விடப் பலமாகும். ஆனால் அதற்குத் தூக்கமும் சோறும் நேரமும் கொடுக்க வேண்டும். மறுநாள் கால் வலிக்கு "லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆவதற்குள் இறங்கிவிடுகிறது. மறுநாள் வலி, தசை நாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தின் வலி. அந்த வலி இருக்கிற அன்று மறுபடி கடும் ரவுண்டு போவது வீரம் ஆகாது.

வளைவைத் தாண்டினால்...

2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு நடந்தது. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடினார்கள். அந்த உடற்தகுதித் தேர்வையொட்டிப் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள், நம்மைப் போலவே ஒரு வேலைக்காக ஓடியவர்கள். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று மனசு சொன்னபடி கால் போயிருக்கும். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் இந்தக் கட்டுரையின் விதை எனக்குள் விழுந்தது.

குற்றாலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் தடை தடைதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. அருவிக்கு வளைவு இருக்கிற மாதிரி நம் உடம்புக்கும் ஒரு வளைவு உண்டு. கால் எரிகிறதா, மூச்சு வாங்குகிறதா, அது வளைவுக்குள்தான், ஓடலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டுதல், பேச்சுக் குழறல், உடம்பு தீயாய்ச் சுடுவது, இவை வளைவைத் தாண்டிய தண்ணீர். அந்த நொடியே நிறுத்த வேண்டும். மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் ஓட வேண்டும், தசை சிதைவதன் அறிகுறி அது.

சாரல் காலத்தில் குளிர்ச்சிதானே என்று நினைக்க வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடம்புச் சூடு இறங்காது. யாராவது வெக்கையில் நிலைகுலைந்து விழுந்தால் 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் சூட்டை இறக்குவது, பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதைத் தெரியாமல் ஓர் உயிர் போகக் கூடாது.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

என் அக்கா காவலர் தேர்வுக்காகத் தயாரானபோது ஓடிய இடம் எது தெரியுமா? எங்கள் வீட்டு மொட்டை மாடி. மைதானத்தில் விடிகாலையில் பெண் பிள்ளைகளுக்கென்று இடமும் இல்லை, துணையும் இல்லை. 400 மீட்டர் ஓட வேண்டியவள் இருபதடி மாடியில் திரும்பித் திரும்பி ஓடினாள். கூட்டம் தரும் பலம் என்று மேலே ஒரு பத்தி எழுதினேனே, அதில் அவளுக்கு ஒரு துளி கூடக் கிடைக்கவில்லை. நம் தோழியருக்கும் அதே கதி வேண்டாம்.

ஆகவே அடுத்த ஆண்டு மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள் சில. காலை ஐந்தரைக்கு மைதானக் கதவைத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி வாரம் இரண்டு நாள் முறையான கடும் பயிற்சி. பெண்களுக்குத் தனி நேரம், தனிக் குழு. ரெண்டு ஸ்டாப் வாட்ச், ஒரு நேர நோட்டு, ஒரு குடம் தண்ணீர், ஒரு முதலுதவிப் பெட்டி. மொத்தச் செலவு ஆண்டு விழா மைக் செட் வாடகையை விடக் குறைவாகத்தான் வரும்! இதோடு ஒரு விதி: கடைசியாக வருகிறவனுக்குத் தண்டனை இல்லை. அவன் கோட்டைத் தாண்டும்வரை யாரும் உட்காரக் கூடாது. நின்று கைதட்ட வேண்டும்.

நண்பர்களே! "இன்னும் ஒரு ரவுண்டு!" என்று யாராவது கத்தும்போது ஒரு நொடி உங்களையே கேளுங்கள், இது யாருக்காக? பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான் என்பதற்காகவா? சிரிப்பார்கள் என்கிற பயத்துக்காகவா? அப்படியானால் அந்த ரவுண்டு வீண். போன வாரத்து என்னை இந்த வாரம் மூன்று விநாடி முந்த வேண்டும், அதற்காக என்று மனசு சொன்னால் தயங்காமல் ஓடுங்கள். நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே அந்த மூன்று விநாடியை எழுதுங்கள்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நாமும் நகருவோம், ஒருத்தனையும் விட்டுவிடாமல்!

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு